பில் கத்ரிட்ஜ்: முப்பது ஆண்டுகள் துணைப் பயிற்றுநர்

பில் கத்ரிட்ஜ் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர். 1937ஆம் ஆண்டு சூலை 27 அன்று கேன்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் நகரில் பிறந்தார். 1967 முதல் 1997 வரை, முப்பது ஆண்டுகள், சாப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித்தின் துணைப் பயிற்றுநராகப் பணியாற்றினார். தம் அறுபதாவது வயதில் அதே அணியின் தலைமைப் பயிற்றுநரானார். மூன்று பருவங்கள் மட்டுமே அப்பொறுப்பில் இருந்து, 2000ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அந்த மூன்று பருவங்களில் இரண்டு முறை அவரது அணி தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் துணைப் பயிற்றுநர் பதவி பொதுவாக ஒரு படிக்கட்டாகவே கருதப்படுகிறது. சில ஆண்டுகள் அதில் இருந்துவிட்டு, வேறொரு கல்லூரியில் தலைமைப் பொறுப்பைத் தேடிச் செல்வதே வழக்கம். கத்ரிட்ஜ் அந்த வழக்கத்துக்கு மாறாக நடந்தார். அதனால் துணைப் பயிற்றுநர் பணியின் இயல்பையும், அதன் பயனையும், அதிலுள்ள இழப்பையும் அறிந்துகொள்ள அவரது வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது.

துணைப் பயிற்றுநரின் பணி

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் தலைமைப் பயிற்றுநர் ஒருவரும், அவருக்குக் கீழ் சில துணைப் பயிற்றுநர்களும் இருப்பார்கள். ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பதும், யார் களத்தில் இறங்குவது என்று முடிவெடுப்பதும், செய்தியாளர்களுக்குப் பதில் சொல்வதும் தலைமைப் பயிற்றுநரின் பொறுப்பு. துணைப் பயிற்றுநர்களின் வேலை பெரும்பாலும் பார்வையாளர் கண்ணில் படாதது. அதைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

முதலாவது, ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது. உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களை நேரில் கண்டு, தகுதியான மாணவர்களை அடையாளம் கண்டு, அவர்களுடைய குடும்பத்தாருடன் பேசி, தம் கல்லூரிக்கு அழைத்து வர வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஓர் அணியின் எதிர்காலம் பெரிதும் இதைப் பொறுத்தே அமைகிறது.

இரண்டாவது, எதிரணியை ஆராய்வது. அடுத்து மோதவிருக்கும் அணியின் ஆட்டங்களைப் பார்த்து, அவர்கள் பந்தை எப்படி நகர்த்துகிறார்கள், யார் எந்தப் பக்கம் திரும்பி எறிகிறார், தடுப்பாட்டத்தில் எங்கே இடைவெளி விடுகிறார்கள் என்று குறிப்பெடுக்க வேண்டும்.

மூன்றாவது, பயிற்சி. உயரமான உள்வட்ட ஆட்டக்காரர்கள், வெளியிலிருந்து எறிபவர்கள் எனக் குழு பிரித்து, அன்றாடம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது துணைப் பயிற்றுநரின் வேலை.

நான்காவது, நிர்வாகம். பயணம், தங்குமிடம், உணவு, மாணவர்களின் வகுப்பு வருகை, ஒழுங்கு ஆகியவை இதில் அடங்கும்.

இந்தப் பணிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வெற்றி தோல்விக் கணக்கு தலைமைப் பயிற்றுநரின் பெயரில் மட்டுமே எழுதப்படுகிறது. துணைப் பயிற்றுநர் முப்பது ஆண்டுகள் பணியாற்றினாலும் அவர் பெயருக்கு நேராக ஒரு வெற்றிகூடப் பதிவாகாது. டீன் ஸ்மித் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 879 வெற்றிகள் இருந்தன. அவற்றுள் 780க்கும் மேற்பட்டவை கத்ரிட்ஜ் அவர் பக்கத்தில் பெஞ்சில் அமர்ந்திருந்த காலத்தில் கிடைத்தவை.

கல்வியும் தொடக்கமும்

கூடைப்பந்தின் வரலாற்றில் கேன்சஸ் மாநிலத்துக்குத் தனி இடம் உண்டு. 1891இல் இந்த விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் பின்னர் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவருக்குப் பின் அங்கு ஃபாக் ஆலன் பயிற்றுநரானார். ஆலனிடம் ஆடியவர் டீன் ஸ்மித். ஸ்மித்தும் கேன்சஸ் மாநிலத்தில் பிறந்தவரே.

கத்ரிட்ஜ் அதே மாநிலத்தின் மற்றொரு பெரிய கல்வி நிறுவனமான கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே டெக்ஸ் வின்டரிடம் ஆடினார். 1958இல் அந்த அணி தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது. அரையிறுதியில் எல்ஜின் பெய்லர் ஆடிய சியாட்டில் பல்கலைக்கழக அணியிடம் தோற்றது. 1960இல் கத்ரிட்ஜ் கணிதத்தில் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் கேன்சஸ் மாநிலத்தின் ஸ்காட் சிட்டி உயர்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தார். 1962இல் தம் ஆசிரியரான டெக்ஸ் வின்டரிடமே துணைப் பயிற்றுநராகச் சேர்ந்தார். 1964இல் அந்த அணி மீண்டும் அரையிறுதிக்கு வந்தது. அந்த ஆண்டு ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் 30 வெற்றிகளுடன் பட்டம் வென்ற கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணியிடம் 84-90 என்ற கணக்கில் தோற்றது.

டெக்ஸ் வின்டரின் வாழ்க்கையும் இங்கே குறிப்பிடத்தக்கது. முக்கோணத் தாக்குதல் முறையை வளர்த்தவர் அவர். கல்லூரிகளில் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர், பிற்காலத்தில் சிகாகோ புல்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் ஆகிய தொழில்முறை அணிகளில் பில் ஜாக்சனின் துணைப் பயிற்றுநராகவே பெரும் புகழ் பெற்றார். 2011இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடமளிக்கப்பட்டது. துணைப் பயிற்றுநராக இருப்பதைத் தாழ்வாகக் கருதாத மனப்பான்மை ஆசிரியர், மாணவர் இருவரிடமும் காணப்படுகிறது.

சாப்பல் ஹில்லில் முப்பது ஆண்டுகள்

1967இல் வட கரோலினாவின் துணைப் பயிற்றுநர் லாரி பிரவுன் தொழில்முறை ஆட்டக்காரராக விலகிச் சென்றார். அதே ஆண்டில் கத்ரிட்ஜ் அங்கு சேர்ந்தார். டீன் ஸ்மித்தும் துணைப் பயிற்றுநராக இருந்து மேலே வந்தவர். அவர் விமானப்படைக் கல்லூரியிலும், பின்னர் சாப்பல் ஹில்லில் ஃபிராங்க் மக்வயரிடமும் துணைப் பயிற்றுநராகப் பணியாற்றி, 1961இல் தலைமைப் பொறுப்பை ஏற்றவர்.

ஸ்மித்தின் முறை ஒழுங்கின்மேல் கட்டப்பட்டது. கூடையில் பந்தைப் போட்டவர் தமக்குப் பந்தைத் தந்த தோழரை விரல் நீட்டிக் காட்டி நன்றி தெரிவிக்க வேண்டும். களைத்துப்போன ஆட்டக்காரர் கையை மடக்கி உயர்த்தினால் அவருக்கு ஓய்வு கிடைக்கும். களைப்பு தீர்ந்ததும் அவராகவே திரும்பி வரலாம். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களுக்காக டைம் அவுட்களைச் சேமித்து வைக்க வேண்டும். முன்னணியில் இருக்கும்போது நால்வர் நான்கு மூலைகளில் நின்று பந்தைத் தம் வசமே வைத்துக்கொள்ளும் 'நான்கு மூலை' ஆட்டமும் இந்த அணியால் பெரும் புகழ் பெற்றது. 1985-86 பருவத்தில் கல்லூரி ஆட்டங்களுக்கு 45 விநாடி எறி கடிகாரம் வந்ததற்கு இத்தகைய தாமத ஆட்டங்களும் ஒரு காரணம்.

இப்படிப்பட்ட முறை ஒருவரால் மட்டும் நடத்தப்படக் கூடியது அன்று. ஒவ்வொரு ஆண்டும் புதிய மாணவர்கள் வருவார்கள், பழையவர்கள் பட்டம் பெற்றுச் செல்வார்கள். ஒரே பாடத்தை ஆண்டுதோறும் முதலிலிருந்து கற்பிக்க வேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கு கத்ரிட்ஜுடையது. உயரமான ஆட்டக்காரர்களைப் பயிற்றுவிப்பதிலும், எறியும் முறையைத் திருத்துவதிலும் அவர் பெயர் பெற்றார். நேரந்தவறாமையில் கண்டிப்பானவர் என்றும் அறியப்பட்டார்.

1970-71 முதல் 1996-97 வரை 27 பருவங்களில் ஒவ்வொன்றிலும் வட கரோலினா குறைந்தது 20 ஆட்டங்களில் வென்றது. 1982இல் ஜார்ஜ்டவுன் அணியை 63-62 என்ற கணக்கிலும், 1993இல் மிச்சிகன் அணியை 77-71 என்ற கணக்கிலும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. 1982இன் இறுதி ஆட்டத்தில் வெற்றி எறியை எறிந்தவர் அப்போது முதலாண்டு மாணவராயிருந்த மைக்கேல் ஜோர்டன்.

இடையில் 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் போட்டிக்கான அமெரிக்க அணிக்கு ஸ்மித் பயிற்றுநரானபோது, கத்ரிட்ஜும் அவருடன் துணைப் பயிற்றுநராகச் சென்றார். 1972இல் மியூனிக் நகரில் சோவியத் ஒன்றியத்திடம் 50-51 எனத் தங்கத்தை இழந்த அமெரிக்கா, மாண்ட்ரியலில் யூகோசுலாவியாவை 95-74 என வென்று அதை மீட்டது.

1978ஆம் ஆண்டு முடிவு

கத்ரிட்ஜுக்குத் தலைமைப் பதவி வாய்ப்புகள் வராமல் இல்லை. 1978இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் பதவி அவருக்குக் கிடைக்கவிருந்தது. அங்கே செல்லப் புறப்பட்டவர் விமான நிலையத்திலேயே மனம் மாறித் திரும்பிவிட்டார் என்பது அவரைப் பற்றி அடிக்கடி நினைவுகூரப்படும் செய்தி. அப்பதவிக்கு டிக் ஹார்ட்டர் நியமிக்கப்பட்டார்.

இந்த முடிவின் எடையை, அவருடன் பணியாற்றிய மற்றவர்கள் சென்ற பாதையோடு ஒப்பிட்டால் அறியலாம். எடி ஃபோக்லர் 1986இல் விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநராகச் சென்றார். 1978இல் துணைப் பயிற்றுநராகச் சேர்ந்த ராய் வில்லியம்ஸ், பத்தே ஆண்டுகளில் கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். 1991இல் அவரது கேன்சஸ் அணி தேசிய அரையிறுதியில் வட கரோலினாவையே 79-73 என வீழ்த்தியது. அந்த ஆட்டத்திலும் கத்ரிட்ஜ் ஸ்மித்தின் பக்கத்திலேயே இருந்தார். அவருக்கு அப்போது வயது 53.

துணைப் பயிற்றுநர்களும் ஊதியமும்

முதல் இருக்கைக்கும் இரண்டாம் இருக்கைக்கும் இடையிலான வேறுபாடு புகழில் மட்டும் இல்லை, ஊதியத்திலும் உண்டு. 1990களில் இது நீதிமன்றம் வரை சென்றது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, செலவைக் குறைப்பதற்காக 1991இல் ஒரு விதியை இயற்றியது. முதல் பிரிவுக் கூடைப்பந்து அணிகளில் தலைமைப் பயிற்றுநர் ஒருவர், துணைப் பயிற்றுநர்கள் இருவர் ஆகியோருக்கு அடுத்து நான்காவதாக 'வரையறுக்கப்பட்ட ஊதியப் பயிற்றுநர்' ஒருவரை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கல்வியாண்டில் 12,000 டாலரும் கோடைக்காலத்தில் 4,000 டாலரும், ஆக 16,000 டாலருக்கு மேல் தரக்கூடாது. விதி 1992இல் நடைமுறைக்கு வந்தது.

இளம் பயிற்றுநர்கள் அனுபவம் பெறுவதற்கான இடம் அது என்று அமைப்பு வாதிட்டது. ஆனால் அந்த இடத்தில் அனுபவம் மிக்கவர்களையும் அமர்த்தலாம் என்பதால், வயதும் குடும்பமும் உள்ள பலரும் திடீரென்று குறைந்த ஊதியத்துக்குத் தள்ளப்பட்டனர். பயிற்றுநர்கள் தொடுத்த வழக்கில், கல்லூரிகள் தமக்குள் பேசி ஊதியத்துக்கு உச்சவரம்பு விதிப்பது போட்டித் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்று கேன்சஸ் மாநிலத்திலுள்ள கூட்டரசு நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 1999இல் 54.5 மில்லியன் டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடிவுக்கு வந்தது. கத்ரிட்ஜைப் போன்ற மூத்த துணைப் பயிற்றுநர்கள் இந்த விதியின் கீழ் வரவில்லை. ஆயினும் இரண்டாம் வரிசையில் இருப்பவர்களின் உழைப்பு எவ்வளவு எளிதாகக் குறைத்து மதிப்பிடப்படலாம் என்பதை இவ்வழக்கு வெளிப்படுத்தியது.

தலைமைப் பயிற்றுநராக

1997ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று டீன் ஸ்மித் ஓய்வை அறிவித்தார். பருவத்துக்கான பயிற்சி தொடங்கச் சில நாட்களே இருந்தன. அந்நிலையில் வெளியிலிருந்து ஒருவரைத் தேட நேரமில்லை. கத்ரிட்ஜே தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஸ்மித் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததே தம் நெடுநாள் துணைவருக்கு அப்பதவி கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று பரவலாகக் கருதப்பட்டது.

முதல் பருவம் சிறப்பாக அமைந்தது. ஆன்டன் ஜேமிசன், வின்ஸ் கார்ட்டர், எட் கோட்டா முதலியோர் அணியில் இருந்தனர். களத்தில் இறங்குவோர் ஐவர், தகுதியானவர்களோ அறுவர். கத்ரிட்ஜ் ஒருவரைக் கழிக்காமல், அறுவரையும் சுழற்சி முறையில் தொடக்க ஆட்டக்காரர்களாக இறக்கினார். அணி அட்லாண்டிக் கடற்கரை மாநாட்டுத் தொடரின் இறுதியில் டியூக் அணியை 83-68 என வென்றது. பருவ முடிவில் 34 வெற்றி, 4 தோல்வி. தேசிய அரையிறுதியில் யூட்டா அணியிடம் 59-65 எனத் தோற்றது. அந்த ஆண்டின் சிறந்த பயிற்றுநருக்கான நெய்ஸ்மித் விருது கத்ரிட்ஜுக்கும், சிறந்த ஆட்டக்காரருக்கான நெய்ஸ்மித் விருது ஜேமிசனுக்கும் கிடைத்தன.

ஜேமிசனும் கார்ட்டரும் தொழில்முறை அணிகளுக்குச் சென்றபின் இரண்டாம் பருவம் 24 வெற்றி, 10 தோல்வி என அமைந்தது. தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே வீபர் ஸ்டேட் என்ற சிறிய அணியிடம் 74-76 எனத் தோற்றது. மூன்றாம் பருவத்தில் தோல்விகள் பெருகின. ரசிகர்களிடையே கடும் குறைகூறல் எழுந்தது. முப்பது ஆண்டுகள் பெஞ்சின் இரண்டாம் இருக்கையில் இருந்தவருக்கு முதல் இருக்கையின் வெப்பம் அப்போது தெரிந்தது.

ஆனால் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நிலை மாறியது. எட்டாம் தரவரிசையில் போட்டிக்குள் நுழைந்த வட கரோலினா, தன் மண்டலத்தின் முதல் தரவரிசை அணியான ஸ்டான்ஃபோர்டை 60-53 என வென்றது. பின்னர் டென்னசி, துல்சா அணிகளையும் வென்று இறுதி நான்கு அணிகளுள் ஒன்றானது. அரையிறுதியில் புளோரிடாவிடம் 59-71 எனத் தோற்றது. அந்தப் பருவத்தின் கணக்கு 22 வெற்றி, 14 தோல்வி.

ஓய்வும் அதன் பின்னும்

2000ஆம் ஆண்டு சூன் 30 அன்று கத்ரிட்ஜ் ஓய்வை அறிவித்தார். மூன்று பருவங்களில் அவரது மொத்தக் கணக்கு 80 வெற்றி, 28 தோல்வி. பதவி முதலில் ராய் வில்லியம்ஸுக்கு வந்தது. அவர் கேன்சஸிலேயே இருக்க முடிவு செய்தார். பின்னர் 1982 பட்டம் வென்ற அணியில் ஆடிய மேட் டோஹெர்டி நியமிக்கப்பட்டார்.

டோஹெர்டி தாம் முன்பு பணியாற்றிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திலிருந்து தம் துணைப் பயிற்றுநர்களை அழைத்து வந்தார். அதனால் ஃபில் ஃபோர்டு உள்ளிட்ட முந்தைய துணைப் பயிற்றுநர்கள் வெளியேற நேர்ந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இது வழக்கமான நடைமுறையே. தலைமை மாறினால் துணையும் மாறும். ஒரே இடத்தில் முப்பது ஆண்டுகள் துணைப் பயிற்றுநராக இருக்க, தலைமைப் பயிற்றுநரும் முப்பது ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும். இது மிக அரிதாகவே நிகழ்கிறது. 2003இல் டோஹெர்டி விலகியபின் ராய் வில்லியம்ஸ் சாப்பல் ஹில்லுக்குத் திரும்பி, 2005, 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றார்.

டீன் ஸ்மித் 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று காலமானார். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின், மே 12 அன்று, சாப்பல் ஹில்லில் கத்ரிட்ஜும் காலமானார். அவருக்கு வயது 77.

மதிப்பீடு

ஆட்டக்காரராக ஒரு முறை, கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்றுநராக ஒரு முறை, வட கரோலினாவின் துணைப் பயிற்றுநராகப் பத்து முறை, தலைமைப் பயிற்றுநராக இரண்டு முறை என மொத்தம் 14 முறை கத்ரிட்ஜ் தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றில் இருந்தார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக உள்ளவை 80 வெற்றிகள் மட்டுமே.

அவர் 1978இல் வேறு முடிவு எடுத்திருந்தால் இந்த எண்ணிக்கை பெரிதாக இருந்திருக்கலாம், சிறிதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அறுபது வயதில், சில நாள் அவகாசத்தில் பொறுப்பேற்று, ஒரே பருவத்தில் 34 ஆட்டங்களில் வென்றவர் அதுவரை துணைப் பதவியில் இருந்தது திறமைக் குறைவால் அன்று என்பது தெளிவாயிற்று. அது அவர் தாமே தேர்ந்துகொண்ட இடம்.

காலவரிசை

1937: கேன்சஸ் மாநிலம் பார்சன்ஸ் நகரில் பிறப்பு
1958: ஆட்டக்காரராக இறுதி நான்கு அணிகளுள் ஒன்றில் இடம்
1960: பட்டம் பெறுதல், ஸ்காட் சிட்டி பள்ளியில் பயிற்றுநர்
1962-1967: கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத் துணைப் பயிற்றுநர்
1967-1997: வட கரோலினா பல்கலைக்கழகத் துணைப் பயிற்றுநர்
1976: மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் துணைப் பயிற்றுநர்
1978: பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வாய்ப்பைக் கைவிடல்
1997-2000: வட கரோலினா தலைமைப் பயிற்றுநர்
2015: மறைவு